மாலத்தீவில் ஆல் இன்க்ளூசிவ் தேனிலவு: சென்னையிலிருந்து போகும் புதுமணத் தம்பதிக்கு அது லாபமா?

ஆவணியில் கல்யாணம், முடிந்த கையோடு மாலத்தீவில் நான்கு இரவு, இருவருக்கும் குடிப்பழக்கம் இல்லை, ஏஜென்ட் சாப்பாடும் பானங்களும் ஒரே விலையில் சேர்ந்த ஆல் இன்க்ளூசிவ்தான் லாபம் என்கிறார், எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடிக்காதவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த ஃபுல் போர்டு போதும்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு திட்டங்களுக்கும் வித்தியாசம் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கு நான்கு இரவுக்கு 400 டாலர். மெனுவில் மது கலக்காத ஒரு மாக்டெயில் 12 டாலர் என்றால், 10% சர்வீஸ் சார்ஜ், அதன் மேல் 17% சுற்றுலா ஜிஎஸ்டி சேர்ந்து 15.44 டாலர் ஆகும். 400 டாலரை ஈடுகட்ட நீங்கள் இருவரும் 26 மாக்டெயில் குடிக்க வேண்டும். நாளுக்கு ஆறு ஏழு. நடக்கிற காரியமில்லை. இதுவே 18 டாலருக்கு மது கலந்த காக்டெயில் குடிப்பவர்கள் என்றால் 18 கிளாஸிலேயே காசு திரும்பிவிடும். ஆகவே உங்கள் ஏஜென்டிடம் இரண்டு திட்டங்களின் விலைகளையும் வாங்கி இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபுல் போர்டு எடுப்பதானால் ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: சாப்பாட்டு மேசையில் தண்ணீர் இலவசமா? சில இடங்களில் அறையில் வைக்கும் பாட்டில் மட்டும் இலவசம், மேசையில் வைப்பதற்குக் காசு.

ஆல் இன்க்ளூசிவ் என்ற பெயரே இடத்துக்கு இடம் மாறும். நம் ஊர் ஹோட்டல் கணக்கில் சி.பி. என்றால் காலை டிபன், எம்.ஏ.பி. என்றால் டிபனோடு ஒரு வேளைச் சாப்பாடு, ஏ.பி. என்றால் மூன்று வேளை. ஈசிஆர் ரிசார்ட்டிலோ அந்தமானிலோ “எல்லாம் சேர்த்து” என்று சொன்னால் பல சமயம் இந்த ஏ.பி.தான், குளிர்பானம்கூடச் சேராது. மாலத்தீவில் பானங்கள் சேரும். ஆனால் அங்கேயும் கோடு உண்டு. பொதுவாக ஹவுஸ் பிராண்ட், அதாவது ரிசார்ட் வழக்கமாக ஊற்றும் சாதாரண வகை மட்டும், அதுவும் பாட்டிலாக இல்லை, கிளாஸ் கணக்கில். அறையில் பானங்கள் வைக்கும் குட்டி ஃபிரிட்ஜான மினிபாரை நாளுக்கு ஒருமுறைதான் நிரப்புவார்கள். தனி மெனு உணவகத்துக்குக் கூடுதல் கட்டணம், அல்லது தங்கும் நாட்களில் ஒரே ஒரு இரவு. கயாக், ஸ்நார்க்கல் கண்ணாடி போன்ற மோட்டார் இல்லாதவை இலவசம். ஜெட் ஸ்கி இல்லை. ஸ்பா, நீச்சல் குளத்தில் மிதக்கவிடும் காலை உணவுத் தட்டு, அறைக்குச் சாப்பாடு கொண்டுவரும் கூலி, இவை அநேகமாக வெளியேதான். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு வரியை நம்பாமல், ரிசார்ட்டே அச்சிட்ட பட்டியலை, அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதோடு கேட்டு வாங்குங்கள்.

விலைத் தாளில் அடுத்து தேட வேண்டியது கிரீன் டாக்ஸ், அதாவது தங்கும் பயணிகளிடம் மாலத்தீவு அரசு வாங்கும் சுற்றுச்சூழல் வரி. 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டுகளில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். உங்கள் இருவருக்கும் நான்கு இரவுக்கு 96 டாலர். இது பேக்கேஜில் சேர்ந்ததா, கிளம்பும்போது ரிசார்ட்டில் கட்டுவதா என்று கேளுங்கள். “வரிகள் சேர்த்து” என்று எழுதிவிட்டு கிரீன் டாக்ஸை மட்டும் வெளியே விடுவது வழக்கமாக நடக்கிறது.

மொத்தச் செலவைப் புரட்டிப் போடுவது அறை வாடகையைவிட டிரான்ஸ்ஃபர்தான், அதாவது விமான நிலையத்திலிருந்து ரிசார்ட் தீவுக்குப் போய் வரும் பயணம். சென்னையிலிருந்து தலைநகர் மாலேவுக்குப் பறக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கிருந்து தீவுக்கு ஸ்பீட் போட், கடல் விமானம், அல்லது உள்நாட்டு விமானமும் போட்டும். கடல் விமானம் ஒருவருக்குப் போக வர 400 டாலருக்கு மேலேயே இருக்கும். அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலேயில் மதியம் மூன்றரைக்குள் இறங்கினால்தான் அன்றே தீவுக்குப் போக முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் இறங்கும் டிக்கெட்டை மலிவு என்று எடுத்தால், அந்த இரவு விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் அறை எடுக்க வேண்டும். ரிசார்ட்டில் கட்டிய முதல் இரவுக் காசு வீண். திரும்பும்போதும் இதே சிக்கல். காலை ஒன்பதரைக்கு முன் கிளம்பும் விமானம் என்றால் கடல் விமானத்தில் வந்து பிடிக்க முடியாது, முந்தைய நாளே மாலே வந்துவிட வேண்டும். கொழும்பு வழியாக மாறிப் போகும் டிக்கெட்டில் இதை இரண்டு முறை சரிபாருங்கள்.

கடல் விமானம் எத்தனை மணிக்கு என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பல ரிசார்ட்டுகளின் ஆட்களை ஒன்றாக ஏற்றுவதால் நேரத்தை முந்தைய நாள் சாயங்காலம்தான் சொல்வார்கள். ஓய்வறையில் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க நேரலாம். பெட்டி ஒருவருக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோ. தாண்டினால் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். பட்டுப்புடவைகளைச் சென்னையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஸ்பீட் போட் மலிவு, இரவிலும் ஓடும். ஆனால் ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும், கடல் கொந்தளிக்கும். அரை மணிக்கு மேல் போட் பயணம் என்றால் வாந்தி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு பின் வரிசையில் உட்காருங்கள். முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும்.

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். தை மாதக் கல்யாணக்காரர்களுக்கு வானம் தெளிவு, விலை உச்சம். வைகாசி, ஆவணிக்காரர்களுக்கு விலை இறங்கும், மழை வரும். நாள் முழுக்கக் கொட்டுவது குறைவு. ஒரு மணி நேரம் அடித்துவிட்டு வெயில் வந்துவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது மழையைவிடக் காற்றை. தென்மேற்குக் காற்று நேராக வந்து அறைவது தீவின் மேற்குப் பக்கத்தை. சூரிய அஸ்தமனம் தெரியும் சன்செட் வில்லாவும் மேற்குப் பக்கம்தான் இருக்கும். அதிக விலை கொடுத்து அதை எடுத்தால், ஆவணியில் வில்லாவிலிருந்து கடலில் இறங்கும் படிக்கட்டில் அலை மோதும், இறங்க முடியாது, இரவு முழுக்கச் சத்தம். கிழக்குப் பக்கத்து சன்ரைஸ் வில்லா விலையும் குறைவு, தண்ணீரும் அமைதி. அஸ்தமனத்தை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆவணிக்கு ஒரு வரமும் உண்டு. பா அடோல் என்ற தீவுக்கூட்டத்தில் உள்ள ஹனிஃபாரு வளைகுடாவில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை மாண்டா திருக்கைகள் கூட்டமாக மேய வரும். 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. ஸ்கூபா கிடையாது, வழிகாட்டியோடு ஸ்நார்க்கல் மட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வலுத்து அவற்றுக்கான இரை அதிகம் சேரும். தேதி உங்கள் கையில் இருந்தால் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போடுங்கள்.

இருவரில் ஒருவருக்காவது நீச்சல் தெரியாது என்றால், ஆழமில்லாத லகூன், அதாவது பவளப்பாறைக்கு உட்பக்கத்து அமைதியான கடல் பகுதி உள்ள தீவைக் கேளுங்கள். பவளப்பாறை கரைக்கு மிக அருகே உள்ள தீவில் மீன் நிறைய. ஆனால் சில அடிகளிலேயே தரை சரிந்து ஆழமாகிவிடும். இரண்டும் நன்றாக அமைந்த தீவு அபூர்வம். லைஃப் ஜாக்கெட் எல்லா இடத்திலும் கிடைக்கும், கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

தேனிலவுச் சலுகை என்று கேக், படுக்கையில் பூ அலங்காரம், ஓர் இரவு கடற்கரை விருந்து தருவார்கள். குறைந்தது மூன்று அல்லது நான்கு இரவு தங்க வேண்டும் என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும்; திருமணச் சான்றிதழும் கேட்கலாம். தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் தாலி கட்டிய வாரமே கிளம்புபவர்களிடம் சான்றிதழ் இருக்காது. கல்யாணப் பத்திரிகை போதுமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். மனைவியின் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்ற அவசரமே இல்லை; டிக்கெட்டில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருந்தால் சரி. இன்ஷியலோடு வளர்ந்த நம் ஆட்கள் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பகுதி காலியாக இருக்கும். அதை எப்படி நிரப்புவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கேட்டுவிட்டு புக் செய்யுங்கள்.

விசா இலவசம், இந்தியர்களுக்கு இறங்கியதும் 90 நாள் வரை தருவார்கள். ‘இமுகா’ என்ற மாலத்தீவு குடிவரவுத் துறையின் இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், போகும்போதும் திரும்பும்போதும். அதற்குக் கட்டணம் இல்லை; காசு கேட்கும் தளம் போலி. மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள், 2024 நவம்பர் முதல் வேப் கருவிகள், எதையும் கொண்டுபோகக் கூடாது. அம்மா பையில் வைத்துவிடும் சின்னப் பிள்ளையாரை வெளியே எடுத்துவிடுங்கள்.

பேக்கேஜுக்கு ஏஜென்ட் டிசிஎஸ், அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே வாங்கும் தொகையைப் பிடிப்பார். யாருடைய பான் எண்ணைக் கொடுக்கிறீர்களோ அவர் வருமான வரிக் கணக்கில்தான் அது வரவாகும். கல்யாணச் செலவைப் பார்ப்பவர் என்று அப்பாவின் எண்ணைக் கொடுக்கும் முன் யோசியுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் சென்னையிலேயே திறந்துவிடுங்கள். பொதுவாக அது மூடியே இருக்கும். ரிசார்ட்டில் டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டைக் கொடுங்கள். டெபிட் கார்டு என்றால் உங்கள் சொந்தப் பணம் சில நாள் முடங்கும்.

புது மஞ்சள் கயிறும் மருதாணியும் தண்ணீரில் சாயம் விடும். அங்கே துண்டு, படுக்கை எல்லாம் வெள்ளை. கறைக்குக் காசு கேட்கும் இடங்கள் உண்டு. கறுப்புத் துண்டு ஒன்றை எடுத்துப் போங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழுத்து மூடிய நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் வெயிலுக்கும் நல்லது, கயிறு எதிலும் மாட்டாது.

கடைசி நாளில் திட்டம் பொதுவாகப் பகல் 12 மணியோடு முடிந்துவிடும், உங்கள் விமானம் சாயங்காலமாக இருந்தாலும். அன்றைய மதியச் சாப்பாடு சேருமா, குளித்து உடை மாற்ற இடம் உண்டா என்று புக் செய்யும்போதே கேளுங்கள். பில்லை முந்தைய இரவே வரவழைத்து, கையெழுத்துப் போட்ட ரசீதுகளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். காலையில் விமானம் மிதவையில் வந்து நிற்கும்போது தவறைச் சுட்டிக்காட்ட நேரம் இருக்காது.