நாய் மூளைக்குப் போகிற வழி கட்டுத்தரை வழியாகத்தான்

அண்ணா, வணக்கமுங்க.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா விரித்துக் காட்டின நோட்டு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நாயின் மூளைப் படம். தமனிக்குச் சிவப்பு மை, சிரைக்கு நீல மை. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய தந்துகிகள் இல்லாமல், சிவப்பும் நீலமும் நேராகப் பின்னிக் கிடக்கிற இடத்தை மட்டும் பென்சிலால் அழுத்தி அழுத்தி வரைந்திருந்தாள். "இந்தச் சிக்கலை எடுக்கிற டாக்டர் ஆகணும்" என்றாள். அப்போது நீங்கள் வாயே திறக்கவில்லை. வண்டியை எடுக்கும்போதுதான் தனியாகக் கேட்டீர்கள்: "கொழிஞ்சாம்பாறையில நாய் மூளைக்கு வைத்தியம் பார்க்க எவன் வருவான்?"

நியாயமான கேள்வி. கேரள எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறையில் யாரும் வரமாட்டார்கள். ஆனால் பாப்பா ஆசைப்படுகிற இடத்துக்குப் போக முதலில் படிக்க வேண்டியது சாதாரண கால்நடை மருத்துவம். அந்தப் பட்டம் நம் ஊரில் சோறு போடும். அதற்கு மேலே ஏறுவதா வேண்டாமா என்பதை 23 வயதில் முடிவு செய்துகொள்ளலாம். இப்போதே தடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

பாப்பா வரைந்த சிக்கல் நாய்களில் மிக அரிது. தமனியின் வேகம் குறையாமல் ரத்தம் மெல்லிய சிரைக்குள் பாய்ந்து, ஒருநாள் அது வெடித்துக் கசியலாம். மனிதர்களுக்கு என்றால் தொடை இடுக்கு வழியாகக் கதீட்டர் என்கிற மெல்லிய குழாயை மூளை வரை கொண்டுபோய்ப் பசையோ நுண்கம்பிச் சுருளோ வைத்து அடைப்பார்கள், அல்லது மண்டையைத் திறந்து எடுப்பார்கள், கதிர்வீச்சும் உண்டு. நாய்க்கு இதெல்லாம் வெளிநாட்டில் சில பெரிய மருத்துவமனைகளில் மட்டும் நடக்கிறது. நாயின் உட்கழுத்துத் தமனி மெலிசு. மண்டையோட்டுக்குள் நுழையும்போது வளைந்து திரும்பிப் போகும். அந்த வளைவில் கதீட்டரைச் செலுத்துவதே பெரும்பாடு. எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூட முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். நாய்க்கும் பக்கவாதம் வரும், அண்ணா. திடீரென்று தலை ஒருபக்கம் சாயும், வட்டமாகவே சுற்றும், விழும். அதில் பாதி வைத்தியம் மூளையில் இல்லை. சிறுநீரகம் கெட்டிருக்கிறதா, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று தேடிப் பிடித்துச் சரிசெய்து, நாயை விழாமல் பார்த்துக்கொள்வதுதான். பல நாய்கள் சில வாரங்களில் தேறிவிடும்.

இன்னொன்று பாப்பாவிடம் சொல்லுங்கள். சில குட்டிகள் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். பார்த்தால் மூளை நோய் போலவே இருக்கும். கோளாறு வயிற்றுக்குள் இருக்கும் ரத்தநாளத்தில். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் பக்கவழியில் நழுவிப் போவதால், சுத்தமாகாத நஞ்சு மூளைக்கு ஏறுகிறது. அந்தப் பக்கவழியை மெதுவாக அடைத்தால் பல குட்டிகளுக்குத் தலை தெளிந்துவிடும். மூளையை மட்டும் படித்தவர் இதைத் தவறவிட்டுவிடுவார். முழு உடம்பையும் படித்தவருக்குத்தான் தெரியும்.

நம் பக்கத்தில் மூளைக்குள் ரத்தம் கசிய உண்ணியும் ஒரு காரணம். உண்ணிக் காய்ச்சலில், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் குறைந்தால் எங்கு வேண்டுமானாலும் கசியும், மூளையிலும்தான். தோட்டத்து நாயின் காதுமடலைத் திருப்பி உண்ணி பார்க்கத் தெரிந்த பிள்ளை பாப்பா. அவள் இந்தப் படிப்புக்கு ஏற்கனவே பாதி வந்துவிட்டாள் என்றே நான் நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வெறிநோய். நம் நாட்டில் ஒரு நாய் திடீரென்று குணம் மாறினாலோ தள்ளாடினாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். உங்கள் நாய் சுற்றிச் சுற்றி வந்து அஞ்சாம் நாள் செத்ததென்றும், கடைசி ரெண்டு நாள் பாப்பா கையாலேயே கஞ்சி ஊட்டினாள் என்றும் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அதனால்தான் அன்று ராத்திரியே போன் பண்ணி, பாப்பாவுக்குத் தடுப்பூசி போடச் சொன்னேன்.

இனி கல்லூரிச் சீட்டு விஷயம். இங்கேதான் எல்லை ஊர்க்காரர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

"நாம தமிழ்தானே, உடுமலை கால்நடைக் கல்லூரியில போட்டா கிடைக்காதா, அக்கா வீடும் அங்கதான் இருக்கு" என்றீர்கள். உடுமலைக் கல்லூரி தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் தேவையில்லை, வாஸ்தவம். ஆனால் தமிழ் பேசினால் போதாது, தமிழ்நாட்டு இருப்பிடச் சான்று கேட்பார்கள். மூன்று தலைமுறையாகக் கேரளத்துச் சித்தூர் தாலூக்காவில் இருக்கிற குடும்பத்துக்கு அது கிடைக்காது. அக்கா வீட்டு முகவரியைக் காட்டி யாராவது வாங்கித் தருகிறேன் என்றால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். ஐந்து வருடம் படித்த பிறகுகூடப் பட்டம் பறிபோகும்.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, கேரளத்தின் சொந்த இடங்கள்: திருச்சூர் பக்கம் மண்ணுத்தி, வயநாட்டில் பூக்கோடு. இரண்டில் மண்ணுத்திதான் வீட்டுக்குக் கிட்டே. இன்னொன்று, நாடு முழுக்கவுள்ள கல்லூரிகளில் இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் நிரப்புகிற 15 சதவீத இடங்கள். அதில் கிடைத்தால் தமிழ்நாட்டுக் கல்லூரியிலும் சேரலாம், திருப்பதியிலும் சேரலாம். இரண்டுக்கும் நீட் மதிப்பெண் வேண்டும்.

நீட் விண்ணப்பத்தில் ஒரு இடத்தில் கவனம் வையுங்கள். பத்து வரை தமிழ் வழியில் படித்த பிள்ளை. தமிழ் வினாத்தாள் வேண்டுமென்றால் பாலக்காட்டு மையத்தைப் போடாதீர்கள். மாநில மொழி வினாத்தாளை அந்தந்த மாநில மையத்தில்தான் தருவார்கள். கோயம்புத்தூர் மையம் போட முடியுமா என்று விண்ணப்பத்தில் பாருங்கள். ஆனால் கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில்தான் என்பதால், இந்த வருடமே உயிரியலை இரண்டு மொழியிலும் படிக்கச் சொல்லுங்கள்.

படிப்பு ஐந்தரை வருடம், கடைசி ஒரு வருடம் நேரடிப் பயிற்சி. மாட்டுக்குச் சினை பார்ப்பதிலிருந்து கோழி, பன்றி வரை எல்லாம் தொட வேண்டும். முடித்தால் அரசு கால்நடை மருத்துவர் வேலைக்குத் தேர்வு எழுதலாம், பால் சங்கங்களில் சேரலாம், ராணுவத்தில் குதிரையும் நாயும் பார்க்கிற பிரிவும் உண்டு, சொந்தக் கிளினிக் போடலாம். மேலே போக ஆசை இருந்தால் இங்கே இரண்டு வருட முதுகலை, அறுவை சிகிச்சையோ மருத்துவமோ. நரம்பியல் நிபுணர் பட்டத்துக்கு வெளிநாடு போவதென்றால் அந்த நாட்டு உரிமத் தேர்வு, ஒரு வருட இன்டர்ன்ஷிப், பிறகு மூன்று வருட ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் இருந்தே பெறுகிற நிபுணர் பயிற்சி. கூட்டிப் பார்த்தால் பாப்பாவுக்கு 30 வயதைத் தொட்டுவிடும். நீண்ட வழிதான், மறைக்கவில்லை. அந்த ரெசிடென்சி இடங்கள் மிகக் குறைவு, போட்டியும் கடுமை. கிடைக்காமல் போனாலும் கையில் ஒரு டாக்டர் பட்டம் இருக்கும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பால் ஊற்றப் போகிற வழியில் இருக்கிற மிருக ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டு, நாலு சனிக்கிழமை பாப்பாவை அங்கே நிற்க விடுங்கள். ஊசி போடும்போது மாட்டின் கயிற்றைப் பிடிக்கட்டும். சாணியும் சீழும் ரத்தமும் பார்த்த பிறகும் அதே நோட்டை எடுத்துக்கொண்டு வந்தால், நானே உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன்.

சித்தூர் தாலூக் ஆஸ்பத்திரியில் வெறிநோய்த் தடுப்பூசி ஆரம்பித்தாயிற்று என்று நேற்று பாப்பா சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது. நாய் செத்து மாசம் ஆகிவிட்டதே என்று நினைக்காதீர்கள், தாமதமானாலும் போட வேண்டிய ஊசிதான். 28ஆம் நாள் தவணை பரீட்சை வாரத்தில் வருகிறது என்றாள். பரீட்சை முடிந்து அவளே போய்க்கொள்வாள் என்று விடாமல், அன்றைக்கு நீங்கள் பள்ளிக்கூட வாசலில் வண்டியோடு நில்லுங்கள்.