நாற்காலி இல்லாத நாடகத்துக்குப் போகலாமா?

கேள்வி: அடுத்த மாதம் டர்பன் துறைமுகப் பக்கம் ஒரு பழைய கிடங்கில் 'மேடை நிகழ்ச்சி' என்று விளம்பரம் வந்திருக்கிறது. மேடையே கிடையாதாம். நாற்காலியும் இல்லை, ஒன்றரை மணி நேரம் நடந்துகொண்டே பார்க்க வேண்டும். வசனமும் இல்லை. மூன்று பேர் ஆடுவார்கள், ஒருவர் மேளம் அடிப்பார். கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோரைப் பற்றியதாம். வாசலில் ஆளுக்கொரு எண் அட்டை கொடுத்து, உள்ளே அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், குடும்பமாகப் போனாலும் பிரித்துவிடுவார்கள் என்கிறார்கள். டிக்கெட் 280 ரேண்ட். மகள் போயே ஆக வேண்டும் என்கிறாள். வீட்டுக்காரர் "இது நாடகமா, கூத்தா?" என்று சிரிக்கிறார். கொடுக்கிற காசுக்குத் தகுமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: உங்கள் வீட்டுக்காரருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூத்துதான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. இந்த நேட்டாலில் மாரியம்மன் கோயில் திடல்களில் விடிய விடிய தெருக்கூத்து ஆடினார்களே, அதற்கு யார் நாற்காலி போட்டார்கள்? பாய் கொண்டு வந்தவர் பாயில் உட்கார்ந்தார், கொண்டு வராதவர் நின்றார். பிள்ளைகள் மடியில் தூங்கின. இரணியன் கர்ஜித்தபோது விழித்து வீறிட்டன. மீசையை மழித்துவிட்டு வந்த ஆம்பிளைதான் லீலாவதி. பிரகலாதனுக்கு என்ன ஆகும் என்பது திடலில் இருந்த எல்லாருக்கும் தெரியும், ஆகவே கதை தெரிந்துகொள்ள யாரும் வரவில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புனித வெள்ளியன்று தீமிதி பார்க்கப் போயிருப்பீர்கள். அங்கே பார்க்கிறவர் யார், பங்கெடுக்கிறவர் யார் என்று கோடு கிழித்துக் காட்ட முடியுமா?

வசனம் இல்லாததும் உங்களுக்கு ஒரு குறையாகப் பட்டிருக்கிறது. சொந்தக்காரர் வீட்டுப் பெண்ணின் அரங்கேற்றத்தில், ஒரு வார்த்தை விளங்காத தெலுங்கு வர்ணத்தை முக்கால் மணி நேரம் பார்த்து, அப்புறம் சிறப்பு விருந்தினர் நாலு பேரின் பேச்சையும் கேட்டுவிட்டு வருகிற சனம்தானே நாம்? அதைத் தாங்கியவர்களுக்கு இது பெரிய சோதனை அல்ல.

சரி, நாற்காலி இல்லை, வசனம் இல்லை, நடக்க வேண்டும் என்பதெல்லாம் போகாமல் இருக்கக் காரணம் ஆகாது. போவதற்கும் அவை காரணம் ஆகாது. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். வித்தியாசமாக இருக்கிறது என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிற நிகழ்ச்சிகள் உண்டு. பார்வையாளர் கண்ணை எல்லாம் துணியால் கட்டிவிட்ட ஒன்றுக்கு நானே போய் மாட்டிக்கொண்டேன். இருட்டில் யாரோ மூக்கருகே மசாலாத் தூளை ஆட்டினார்கள், காதருகே அலை ஓசை எழுப்பினார்கள், "இதுதான் உங்கள் வேர்" என்று ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. என் வேர் அதுதான் என்றால் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் அதைக் காசில்லாமல் முகர்ந்துவிட்டு வந்திருப்பேன். கண்கட்டை அவிழ்த்தால் அந்த நிகழ்ச்சியில் ஒன்றுமே இல்லை. கட்டியதும் அதனால்தான்.

நான் பார்ப்பது இதைத்தான்: அந்த வித்தையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? எடுத்தால் நிகழ்ச்சியே சரிந்துவிடும் என்றால், அங்கே அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

இந்த நாட்டிலேயே உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. ஜோகன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டர் முன்பு இந்தியர்களின் பழ மார்க்கெட்டாக இருந்த கட்டடம். பள்ளியில் ஆப்பிரிக்கான்ஸ் மொழியைத் திணித்ததை எதிர்த்து சோவெத்தோ பிள்ளைகள் தெருவில் இறங்கிய அதே 1976 ஜூனில் அது அரங்கமாகத் திறந்தது. 1981இல் அங்கே 'வோசா ஆல்பர்ட்' வந்தது. கிறிஸ்து இனஒதுக்கல் தென்னாப்பிரிக்காவில் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்பது கதை. மேடையில் மொத்தமே இரண்டு நடிகர்கள், பெர்சி ம்ட்வா, ம்போங்கெனி ங்கேமா. சந்தைக்காரி, போலீஸ், கைதி, முடி வெட்டுகிறவர் எல்லாம் அவர்களே. வெள்ளைக்காரர் வர வேண்டிய இடத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோமாளி மூக்கை மாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். கறுப்பரின் தோலை வைத்தே அவர் யார் என்று தீர்மானித்துக்கொண்டிருந்த அரசாங்கத்துக்கு, வெள்ளையரை ஒரு மூக்காகச் சுருக்கிக் காட்டியது எப்படி உறைத்திருக்கும்! அந்த இடத்துக்கு நிஜ வெள்ளைக்கார நடிகரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் கேலியின் பல் போயிருக்கும்.

இன்னொன்று, 1997இல் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழுவும் ஓவியர் வில்லியம் கென்ட்ரிஜும் சேர்ந்து செய்த 'உபு அண்ட் த ட்ரூத் கமிஷன்'. இனஒதுக்கல் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையத்தின் முன் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வந்து சாட்சி சொன்ன காலம் அது. அந்த வாக்குமூலங்களை மேடையில் பேசியவை மரப் பொம்மைகள். ஆட்டுகிறவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை, பொம்மையின் பக்கத்திலேயே நின்று, அது பேசும்போது அதன் முகத்தையே பார்த்தார்கள். நிஜமாகப் பிள்ளையை இழந்த ஒரு தாயின் அழுகையை ஒரு நடிகை அழுது காட்டிக் கைதட்டு வாங்குவது அசிங்கம். பொம்மை தாயைப் போல நடிக்காது, அவள் சொன்னதைச் சுமந்து நிற்கும். பொம்மை அங்கே ஏன் என்று கேட்டால் பதில் இருக்கிறது, பாருங்கள்.

கட்டடத்தை விட்டு வெளியே வந்து ஆடுவதும் புதுசு இல்லை. நம் டர்பன்காரர், நடன அமைப்பாளர் ஜே பத்தர் நகரத்துத் தெருக்களிலும் பொது இடங்களிலும் நடனத்தைக் கொண்டுபோய் நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

உங்கள் கிடங்குக்கு வருவோம். இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த எண் அட்டைதான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். நம்மில் பலர் கொள்ளுத்தாத்தாவின் எண்ணைத் தேடிக் கப்பல் பட்டியலைப் புரட்டியவர்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் என்று வரிசையாக வந்து, இன்னொரு பத்தியில் உடம்பில் உள்ள தழும்பு, மச்சம். மாடு வாங்குகிறவர் சுழி பார்த்து எழுதிக்கொள்வது போல எழுதியிருப்பார்கள். பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். அது தப்பாகப் போனாலும் கவலையில்லை, எண் சரியாக இருந்தால் போதும். அந்தக் காரியத்தைச் சொல்ல வருகிற ஒரு நிகழ்ச்சி, காசு கொடுத்து வருகிற உங்கள் பெயரை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு எண்ணைத் தருகிறது என்றால், அந்த வித்தைக்கு வேலை இருக்கிறது. உங்களையும் மகளையும் வேறு வேறு வரிசையில் நிறுத்துவதற்கும் இருக்கிறது. நீங்கள் கையில் அட்டையோடு நிற்க, உங்கள் எண்ணைக் கூப்பிடாமல் பக்கத்து எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்களே, அதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

ஆனால் இதே இடத்தில்தான் கெட்டும் போகலாம். ஒன்றரை மணி நேரம் எண்ணாக இருந்துவிட்டு, வெளியே வந்து "ஐயோ, எவ்வளவு கஷ்டப்பட்டார்கள்" என்று காப்பி குடித்துவிட்டுப் போகும்படி ஆகிவிட்டால், அது முன்னோரின் வலியை வைத்து நடத்துகிற பொழுதுபோக்கு. இந்தச் சண்டையும் பழையதுதான். நம் நாட்டு நாடக இயக்குநர் பிரெட் பெய்லியின் 'எக்ஸிபிட் பி' நிகழ்ச்சியில், ஐரோப்பியர் ஒரு காலத்தில் நடத்திய மனிதக் காட்சிசாலைகளைக் காட்டுவதற்காகக் கறுப்பின நடிகர்கள் அசையாமல் நின்று, வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். 2014இல் லண்டனில் பார்பிகன் கலை மையம் அதை நடத்த இருந்தபோது எதிர்ப்பு கிளம்பி அது ரத்தானது. பார்க்காமலே எதிர்க்கிறார்கள் என்றது ஒரு பக்கம். அவமானத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்றது மறுபக்கம். ரத்து செய்தது தவறு என்பதே என் கட்சி. ஆனாலும் இரண்டாவது கேள்வியை அப்படியே தள்ளிவிட முடியாது.

முதல் காட்சியே இன்னும் நடக்காத ஒன்றை நான் பார்த்தது போலப் பேசவும் கூடாது. விளம்பரத்தை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள். இருட்டு, கிடங்கு, 'வாழ்நாளில் மறக்க முடியாத அனுபவம்' என்றே பக்கத்தை நிரப்பியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். யார் ஆடுகிறார்கள், இதற்கு முன் என்ன செய்தார்கள், எந்த ஆவணத்தை வைத்து இதை உருவாக்கினார்கள் என்று நாலு வரியாவது இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால் டிக்கெட் விற்கிற இடத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். கேட்கிற போதே முட்டி வலிக்காரருக்கு உள்ளே ஒரு ஸ்டூல் கிடைக்குமா, நடுவில் மூச்சு முட்டினால் வெளியே வர விடுவார்களா, ஆடுகிறவர்கள் நம்மைத் தொடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் பதில் சொல்லச் சலித்துக்கொள்கிற குழு உள்ளேயும் உங்களை மதிக்காது. அந்தப் பக்கம் இரவில் கார் நிறுத்துவது எங்கே என்பதையும் மறக்காதீர்கள். நல்ல நாடகம் பார்த்துவிட்டுக் கார் கண்ணாடி உடைந்து கிடந்தால் நாடகம் மறந்துபோகும்.

280 ரேண்டா? சினிமாப் பாட்டுக்காரர் வந்தால் மூன்று மடங்கு கொடுத்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவரைத் திரையில் பார்த்துவிட்டு வருகிறோம். அப்போது யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை.

விளம்பரமும் போனும் திருப்தி தந்தால் போங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், தட்டை ஷூ போட்டுக்கொள்ளுங்கள், கைப்பேசியை அணைத்து வையுங்கள். வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். சிரித்துக்கொண்டே நிற்கிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் உங்களாலும் பார்க்க முடியாது. அவராக வருகிறேன் என்றால் வரட்டும். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். "நன்றாக இருந்தது", "ஒன்றும் புரியவில்லை" என்று ஒரு வரி மட்டும் எழுதினால் போட மாட்டேன். எந்த இடத்தில் கால் வலி மறந்தது, எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே இடம் தருகிறேன்.