கிண்டல் கசப்பாகாமல் இருக்க

கேள்வி: நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் விளையாட்டாகச் சொன்னது அடிக்கடி மனக்கசப்பில் முடிகிறதே, ஏன்?

பதில்: எழுத்தில் குரலும் முகமும் தெரிவதில்லை. அதோடு, நாலு பேச்சு ஒரே நேரத்தில் ஓடும்போது உங்கள் கிண்டல் யாருக்கு என்பதே குழம்பிவிடும். எந்தச் செய்திக்குப் பதிலோ, அதை வலப்பக்கம் இழுத்துவிட்டு எழுதுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். உருவம், சம்பளம், குடும்பம் மூன்றையும் தொடவே வேண்டாம். தப்பாகிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஆனால் திருத்திய குறி எல்லோருக்கும் தெரியும். அழித்தாலும் தடம் நிற்கும், 'என்ன எழுதியிருப்பார்?' என்ற சந்தேகம்தான் வளரும். குழுவில் விளக்கம் கொடுத்து நீட்டாமல், புண்பட்டவரை அன்றைக்கே தனியாக அழைத்துப் பேசிவிடுங்கள்.