கடலோரப் பழைய ஊரில் அடுக்குமாடி வீடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: கடலோரப் பழைய ஊரில் இரண்டாம் மாடி வீடு விலைக்கு வருகிறது. மூன்று பக்கமும் ஜன்னல், நாள் முழுக்க நல்ல வெளிச்சம். வாங்கலாமா?

கடிதம் இவ்வளவுதான். கட்டடத்துக்கு என்ன வயது, செங்கல் சுவரா கான்கிரீட்டா, கடல் எவ்வளவு தூரம்? எதையும் எழுதாமல் வாங்கலாமா என்று கேட்டால் எப்படிச் சொல்வது? மூன்றையும் விசாரித்து எழுதுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கடல் பார்த்த பெரிய ஜன்னல்கள், ஆனால் மேற்குப் பக்கம். திரை போட்டால் சூடு அடங்குமா?

பாதிதான் அடங்கும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டைத் திரை வெளியே அனுப்பாது. மாலை வெயில் தாழ்ந்து வருவதால் சன்ஷேடும் உதவாது. கண்ணாடிக்கு வெளியே மடக்குக் கதவோ தட்டியோ வேண்டும். பாரம்பரியப் பகுதி என்றால் முகப்பில் எதை மாற்றவும் பெரும்பாலும் அனுமதி தேவை. அதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பால்கனிக் கைப்பிடிக்கு எந்த ஸ்டீல்?

316 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் 2 சதவீதத்துக்கு மேல் மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கிறது, உப்பைத் தாங்கும். 304 ரகம் சீக்கிரமே பழுப்புப் புள்ளி போடும். எதுவானாலும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி: 40 வருடக் கட்டடம். கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பீமில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. பூசி, பெயின்ட் அடித்துத் தருவதாக விற்பவர் சொல்கிறார். சரிதானே?

சரியில்லை. இந்தப் பூச்சு வேலையைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆறவே இல்லை. கடல் காற்றின் உப்பு வருடக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. துரு, இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடிக்கிறது. வெடித்த இடத்தை மட்டும் பூசினால், உப்பு ஏறிய பழைய கான்கிரீட் பக்கத்திலேயே இருக்கிறது. பூச்சின் ஓரத்தில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். இரண்டு வருடத்தில் ஒட்டின இடத்துக்கு அடுத்த இடம் பெயரும். அப்போது செலவு உங்களுடையது.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில், 1981-ல் கட்டிய 12 மாடிக் கடற்கரைக் குடியிருப்பு 2021 ஜூன் 24-ல் இடிந்து 98 பேர் இறந்தார்கள். உப்பு மட்டும் காரணமில்லை, வடிவமைப்பிலும் குறை இருந்தது. ஆனால் நீர்க்காப்பு கெட்டதையும், கார் நிறுத்தும் இடத்தில் கான்கிரீட் விரிசல் விட்டதையும் 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். பெரிய பழுதுவேலை தள்ளிக்கொண்டே போனது.

ஆகவே குடியிருப்போர் சங்கத்தின் ஐந்து வருடக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பழுதுநிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கான்கிரீட்டில் துளையிட்டு எடுத்த தூளில் உப்பு அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் அந்த வீடு வேண்டாம். பூசுவதற்கு முன் கம்பியைச் சுற்றி, பின்பக்கமும் சேர்த்து, உடைத்துச் சுத்தம் செய்யவேண்டும். அதைச் செய்யாத பழுதுவேலையை நான் பழுதுவேலை என்று ஏற்கமாட்டேன். முன்பணம் எல்லாம் அப்புறம்.

கேள்வி: சுண்ணாம்புக் காரை பூசிய பழைய செங்கல் சுவர். அடியில் உப்பு பூக்கிறது. வாட்டர்புரூஃப் சிமென்ட் பூசலாமா?

கூடாது. வெளியேற வழியில்லாத ஈரம் சுவரில் இன்னும் மேலே ஏறும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடையுங்கள், பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள், மறுபடி சுண்ணாம்பே பூசுங்கள்.

கேள்வி: கடல் மட்டம் உயர்கிறதே, மாடி வீட்டுக்கு என்ன பயம்?

1901 முதல் 2018 வரை உலகச் சராசரி உயர்வு சுமார் 20 செ.மீ., இப்போது வேகம் கூடியிருக்கிறது. உங்கள் தரை நனையாமல் இருக்கலாம். மின்மீட்டர், மோட்டார், லிஃப்ட் குழி எல்லாம் கீழேதானே இருக்கின்றன? பெருமழை விட்ட மறுநாள் போய் அவற்றைப் பாருங்கள், அதற்குமுன் முன்பணம் வேண்டாம்.