பலியும் பந்தியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் குடியாத்தத்துக்காரன். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவன். எங்கள் குலதெய்வத்துக்கு இன்றும் கிடா வெட்டுகிறோம். கூட வேலை பார்க்கும் நண்பர் சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டண்டு சபைக்காரர். அவர் கூப்பிட்டு ஒரு எழுப்புதல் கூட்டத்துக்குப் போனேன். பிரசங்கியார் எங்கள் கிடாவெட்டை ‘பேய்க்குக் கொடுக்கிற பலி’ என்றார். அரைமணி நேரம் கழித்து அவரே இயேசுவின் ரத்தம், ரத்தம் என்று பாடினார். பிதா தன் மகனையே பலியாகக் கேட்டார் என்றார். முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த உடலையும் ரத்தத்தையும்தான் திருவிருந்தில் வாங்குகிறோம் என்கிறார் நண்பர். ஆட்டு ரத்தம் தப்பு, மகனின் ரத்தம் சரியா? நாங்கள் படைத்துச் சாப்பிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இன்னொன்று. அடுத்த மாதம் நண்பருடைய தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கத்தோலிக்கர்கள், அவர்கள் கோயிலில் பூசையோடு நடக்கிறது. அப்பம் கொடுக்கும்போது நானும் போய் வாங்கலாமா?

கு., குடியாத்தம்

அன்புள்ள கு.,

‘பேய்க்குப் பலி’ பிரசங்கியார் சொந்தமாகச் சொன்னதல்ல. ஆதி சபையின் அப்போஸ்தலரான பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. மைக்கைப் பிடித்ததும் அவருக்கு அந்த ஒரு வசனம்தான் ஞாபகம் வந்திருக்கிறது. இரண்டு வசனம் மேலே போயிருந்தால் உங்கள் படையல் கேள்விக்கு அங்கேயே பாதிப் பதில் கிடைத்திருக்கும். எருசலேமில் பலியிட்டதைச் சாப்பிடுகிறவர்கள் அந்தப் பலிபீடத்தோடு சேர்ந்துகொள்கிறார்கள் அல்லவா என்று கேட்கிறார் பவுல். எருசலேம் பலி, கொரிந்து நகரத்துக் கோயில் விருந்து, கர்த்தருடைய பந்தி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அவர் பேசுகிறார். யாருடைய பந்தியில் சாப்பிடுகிறாயோ அவரோடு நீ சேர்ந்தவன். மூன்றுக்கும் இதுதான் கணக்கு. அதனால்தான் இரண்டு பந்தியில் உட்காராதே என்று கண்டிக்கிறார். உங்கள் படையலுக்கும் திருவிருந்துக்கும் உறவு இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியது சரிதான்.

வேதாகமத்தின் லேவியராகமத்தில் சமாதானபலி என்று ஒன்று வருகிறது. முழுக்க எரித்துவிடும் தகனபலி வேறு, இது வேறு. கொழுப்பு நெருப்புக்கு. நெஞ்சுக்கறியும் வலது தொடையும் ஆசாரியருக்கு. மீதிக் கறி கொண்டுவந்தவனுக்கும் அவன் வீட்டாருக்கும். நன்றிக்காகச் செலுத்தியது என்றால் அன்றைக்கே தின்று தீர்க்கவேண்டும், காலைவரை மிச்சம் வைக்கக் கூடாது. ஒரு முழு ஆட்டை ஒரு வீட்டார் ஒரே நாளில் எப்படித் தின்பது? ஆள் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு வெட்டும் ஆட்டுக்கு இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது யாத்திராகமம்: வீட்டில் ஆள் குறைச்சல் என்றால் அண்டைவீட்டாரைச் சேர்த்துக்கொள். பூசாரிக்குப் பங்கு கொடுத்துவிட்டுக் கோயில் பக்கத்திலேயே அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்துச் சொந்தபந்தத்தை உட்காரவைக்கும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே வேதாகமத்துக்குள் பலிமேல் பெரிய சந்தேகமும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐம்பதாம் சங்கீதத்தில் கடவுள் கிட்டத்தட்ட எரிச்சலாகவே பேசுகிறார்: ‘நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்.’ எருதின் மாம்சம் தின்று ஆட்டுக்கடாவின் ரத்தம் குடிப்பேனோ என்றும் கேட்கிறார். பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்கிறது ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகம். மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு அந்த வசனத்தை இரண்டு தடவை எடுத்துச் சொல்கிறார். கிபி 70-ல் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை இடித்தது. அதோடு யூதர்களுக்குப் பலி நின்றது. கிறிஸ்தவர்களுக்கு இயேசுவின் சாவோடே அது ஒரேதரமாக முடிந்துவிட்டது என்கிறது எபிரெயருக்கு எழுதிய நிருபம். உங்கள் நண்பர் சபையில் அறுப்பின் பண்டிகைக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டிய சேவல் எல்லாம் பீடத்தின் முன்னால் கிடக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம். சேவலை ஏலத்தில் எடுத்தவர் வீட்டில் அது என்ன ஆகும் என்பது சொல்லவேண்டியதில்லை. ஆனால் பீடத்தில் கத்தி வேலை கிடையாது.

இப்போது மகன் விஷயம். வருஷா வருஷம் வைகாசி முதல் நாள் சிரசு ஊர்வலம் பார்க்கிறவர் நீங்கள். அப்பா ஜமதக்னி முனிவர் சொல்ல, பரசுராமன் பெற்ற தாயின் தலையை வெட்டிய கதை ரத்தத்தில் ஊறியது. பிதா மகனைப் பலி கேட்டார் என்றதும் அதே கோபக்கார அப்பன்தான் உங்களுக்குத் தெரிந்திருப்பார். கூட்டத்தில் நீங்கள் கேட்டது சபையின் ஒரே விளக்கமும் அல்ல, ஆதி விளக்கமும் அல்ல. 1098 வாக்கில் இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயராக இருந்த, இத்தாலியில் பிறந்த அன்செல்ம் எழுதியதிலிருந்து கிளைத்தது அது. பிரபுவின் மானத்துக்குப் பங்கம் வந்தால் ஈடு கட்டியாகவேண்டும் என்ற காலம். மனிதன் கடவுளுக்கு ஈடு கட்ட முடியாது, அதனால் கடவுளே மனிதனாக வந்து கட்டினார் என்றார் அவர். பிற்பாடு அதையே கோர்ட்டு, தண்டனை என்று மாற்றினார்கள். மேடைப் பேச்சில் அதுவும் சுருங்கி, கோபக்கார அப்பாவும் அடி வாங்கும் பிள்ளையும் மட்டும் மிஞ்சினார்கள். எனக்கு இந்த விளக்கம் ஒருநாளும் ஒட்டியதில்லை.

சுவிசேஷத்தைப் படித்தால் இயேசுவைக் கொல்வது பிதா இல்லை. பிலாத்து, ஆசாரியர்கள், கூச்சல் போட்ட ஜனம், காசு வாங்கிய சீஷன், எல்லாரும் மனிதர்கள். யோவான் சுவிசேஷத்தில் இயேசு என் உயிரை யாரும் பறிக்கவில்லை, நானாகக் கொடுக்கிறேன் என்கிறார். அவர் சாவதற்கு முந்தின ராத்திரி என்ன நடந்தது பாருங்கள். நடக்கப்போவதை நினைவில் வைக்க அவர் கொடுத்துப்போனது ஒரு சாப்பாடு. அப்பத்தைப் பிட்டு, இது உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற என் சரீரம் என்கிறார். லூக்கா சொல்கிறபடி பார்த்தால், காட்டிக்கொடுக்கப்போகிறவனின் கையும் அதே பந்தியில்தான் இருக்கிறது. அவனுக்கும் சேர்த்துத்தான் பிட்டது. வழக்கமான பலியில் மனிதன் கொண்டுபோய்க் கொடுப்பான், சாமி ஏற்றுக்கொள்ளும். இங்கே கொண்டுவந்து கொடுப்பது கடவுள், வாங்கித் தின்பது நாம், அதுவும் யோக்கியதை பார்க்காமல். நீங்கள் கேட்ட வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். சிலுவையை மேடையில் வைத்துப் புரிந்துகொள்ளப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இந்தப் பந்தியிலிருந்து பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

ரத்தம் குடிப்பது உங்களை உறுத்தியதைவிட யூதர்களை அதிகம் உறுத்தியிருக்கும். ரத்தத்தை வாயில் வைக்கவே கூடாது என்பது அவர்கள் சட்டம். என் ரத்தத்தைக் குடியுங்கள் என்று இயேசு சொன்னபோது சீஷர்களில் பலர் விலகிப் போய்விட்டார்கள் என்று யோவானே எழுதுகிறார். ரோமர்களிடம் கிறிஸ்தவர்கள் நரமாமிசம் தின்கிறார்கள் என்ற வதந்தியே இருந்தது. கிபி 112 வாக்கில் பித்தினியா மாகாணத்தை ஆண்ட பிளினி விசாரணை நடத்திவிட்டு, அவர்கள் கூடிச் சாப்பிடுவது சாதாரணமான, தீங்கில்லாத சாப்பாடுதான் என்று பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார்.

அந்தச் சாதாரணச் சாப்பாட்டில்தான் கொரிந்து சபை கோட்டை விட்டது. பணக்காரர்கள் முதலில் வந்து தின்று குடித்துவிட, வேலை முடித்து வந்த ஏழைகளுக்கு ஒன்றுமில்லை. ‘ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்’ என்று திட்டுகிறார் பவுல். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா, இது கர்த்தருடைய பந்தியே இல்லை என்கிறார். நம் ஊர்க் கதையும் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள், மேல்சாதிக்காரர்கள் முதலில் வந்து திருவிருந்து வாங்கினார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் இதை உடனே விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியதும் பலர் சபையை விட்டே போனார்கள். சாதி விட்டுப்போகக் கூடாது, சபை போனால் பரவாயில்லை. நம் வட ஆற்காட்டில் 1853-ல் ஆற்காடு மிஷன் வந்த பிறகு சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சேரி ஜனங்கள். டீக்கடையில் தனி கிளாஸ் கொடுத்த ஊர்களில், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் எல்லாரும் வாய்வைத்துக் குடித்தது என்ன காரியம் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது சுத்தத்துக்காக ஆளுக்கொரு சின்ன கப் வந்துவிட்டது. நியாயம்தான், ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். போய் வாங்காதீர்கள். கத்தோலிக்கர்கள் அது நிஜமாகவே கிறிஸ்துவின் உடல் என்று நம்புகிறார்கள், தங்கள் சபையாரைத் தவிர பொதுவாக யாருக்கும் கொடுப்பதில்லை. சிஎஸ்ஐயிலும் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர்களுக்குத்தான் வழக்கம். அந்த அப்பம் என்ன ஆகிறது என்பதில் புராட்டஸ்டண்டுகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. 1529-ல் ஜெர்மனியின் மார்பர்க் நகரத்தில் புராட்டஸ்டண்டு முன்னோடிகளான லூத்தரும் சுவிங்கிலியும் உட்கார்ந்து பேசி, லூத்தர் ‘இது என் சரீரம்’ என்று மேஜைமேல் சாக்பீஸால் எழுதிவைத்துக்கொண்டு கடைசிவரை இறங்கிவரவில்லை. அப்பம் கொடுக்கும்போது வரிசை உங்கள் பெஞ்சைத் தாண்டிப் போகும். கொஞ்சம் காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் நண்பரும் அவருடைய அப்பா அம்மாவும்கூட அதே பெஞ்சில் வாங்காமல்தான் உட்கார்ந்திருப்பார்கள்.