கேளுங்கள், சொல்கிறோம்: வரிசையில் மழலை கேட்ட கேள்வி

கேள்வி: வீட்டில் விட்டுச் செல்ல ஆளில்லாததால் என் மூன்று வயது மகளையும் வங்கிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவரின் வழுக்கைத் தலையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவள், “தாத்தா, உங்க முடியெல்லாம் யார் எடுத்துட்டாங்க?” என்று அனைவருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டாள். நான் அவள் வாயைப் பொத்தப் போக, “அம்மா, தாத்தாவுக்கு முடி வாங்கிக் குடுக்கலாம்மா” என்று இன்னும் உரக்கச் சொன்னாள். பெரியவர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அங்கேயே கண்டித்திருக்க வேண்டும் என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கண்டிக்காமல் விட்டதே சரி. உங்கள் மகளின் பேச்சில் கேலி துளியும் இல்லை. இருக்க வேண்டிய ஒன்று ஒருவரிடம் இல்லாததைக் கண்டு, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று ஊகித்து, அடுத்த நொடியே அதை வாங்கித் தந்துவிடலாம் என்று வழியும் சொன்ன குழந்தை அவள். இரக்கம் அந்த வயதில் இப்படித்தான் பேசும்.

தனக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாமலிருக்கலாம், தனக்கு வியப்பாக இருப்பது பிறர் மனத்தில் வேறாகப் படலாம் என்னும் அறிவு பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதில்லை. ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் என்னும் உளவியலாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லப்பட்டது: ஒரு சிறுவன் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகிறான், அவன் இல்லாதபோது அது வேறிடத்துக்கு மாற்றப்படுகிறது, திரும்பி வந்ததும் அவன் எங்கே தேடுவான்? அந்தச் சோதனையிலும் பின்னர் அதே முறையில் நடந்த பல சோதனைகளிலும், மூன்று வயதினர் பெரும்பாலும் மாற்றி வைத்த இடத்தையே காட்டினார்கள். தாங்கள் அறிந்ததை அவனும் அறிந்திருப்பான் என்பதே அவர்கள் எண்ணம். நான்கைந்து வயதில்தான் பலருக்கும் இது பிடிபடுகிறது. அப்படியிருக்க, தன் கேள்வி ஒரு பெரியவரைப் புண்படுத்தக்கூடும் என்று உங்கள் மகள் முன்கூட்டியே உணர்ந்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆனால் வாயைப் பொத்துவதைத் தவிர்த்துவிடுங்கள். கேள்விக்கு அங்கேயே, அதே இயல்பான குரலில், “யாரும் எடுக்கலை கண்ணா, வயசானா சிலருக்கு முடி உதிர்ந்துடும்” என்று விடை சொல்லிவிட்டு, பெரியவரிடம் “குழந்தை கேட்டதைத் தவறாக எண்ணாதீர்கள் ஐயா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மன்னிப்புக் கேட்கும் பொறுப்பு உங்களுடையது. எதற்கென்றே விளங்காத குழந்தையை அதற்கு வற்புறுத்த வேண்டாம். நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளை அவள் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரைப் பார்த்தும் இதே போலக் கேட்பாள். அப்போதும் நீங்கள் பதறி அவள் வாயைப் பொத்தினால், அந்த மனிதர் பேசவே கூடாத ஏதோ ஒன்று என்றுதான் அவள் கற்றுக்கொள்வாள். அந்த மனிதரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறர் உடம்பைப் பற்றி ஏதேனும் கேட்கத் தோன்றினால் அம்மாவின் காதில் மட்டும் கேட்க வேண்டும் என்று வீட்டில் நிதானமாகச் சொல்லிக் கொடுங்கள். குரலைத் தாழ்த்துவதும் பழகித்தான் வர வேண்டும் என்பதால் அதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொள்ளலாம்; ஒவ்வொரு முறை வெளியே கிளம்பும்போதும் நினைவூட்டவும் வேண்டியிருக்கும். இந்த நிகழ்ச்சியை உறவினர்களிடம் அவள் முன்னிலையில் சொல்லிச் சிரிக்காதீர்கள். சிரிப்பு கிடைக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை அந்தச் சிரிப்புக்காகவே கேட்பாள்.

கேள்வி: கடையில் நாங்கள் எடுத்து வைத்த பொருள்களையெல்லாம் என் இரண்டு வயது மகன் பக்கத்தில் நின்றவரின் தள்ளுவண்டிக்கு மாற்றிவிட்டான். பணம் செலுத்துமிடத்தில் அவர் திகைத்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. இதை எப்படித் தடுப்பது?
– ஒரு தந்தை

பதில்: ஒன்றில் இருப்பதை எடுத்து இன்னொன்றில் போடுவது அந்த வயதில் அலுக்காத விளையாட்டு. எது யாருடைய வண்டி என்பது அவனுக்கு ஒரு பொருட்டே அல்ல. தடுப்பதைவிட அந்த வேலையை அவனிடமே கொடுத்துவிடுவது எளிது: உடையாத பொருள்களை ஒவ்வொன்றாக அவன் கையில் கொடுத்து, உங்கள் வண்டியில் போடச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும்போது மட்டும், அடுத்தவரின் வண்டி அவன் கைக்கு எட்டாதபடி சற்றுத் தள்ளி நில்லுங்கள்.