கிரீன் கார்டுடன் புதிதாக வந்த குடும்பம் கல்லூரி நிதியுதவிக்கு உடனே விண்ணப்பிக்கலாமா?

உங்கள் அண்ணன் அளித்த மனுவின் பேரில் கிரீன் கார்டு பெற்று 2025 அக்டோபரில் குடும்பத்துடன் நியூஜெர்சிக்கு வந்திருப்பதாகவும், மகள் 2026 செப்டம்பரில் கல்லூரியில் சேர வேண்டியிருப்பதாகவும், ஐந்து ஆண்டுகள் கழியும்வரை அரசு உதவி எதையும் கேட்கக் கூடாது என்று உறவினர்கள் எச்சரிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் இதே பிரிவில் நெடுங்காலம் காத்திருந்து வந்தவன்தான். அதன் பிறகு எங்கள் பகுதிக்கு வந்த சில குடும்பங்கள் இந்தப் படிவங்களை நிரப்பியபோது உடனிருந்து உதவியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் விடை: நீங்கள் இப்போதே விண்ணப்பிக்கலாம். ஐந்தாண்டுக் கட்டுப்பாடு என்ற ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் 1996ஆம் ஆண்டின் சட்டம் அதை மெடிகெய்டு என்ற மருத்துவ உதவி, உணவு உதவி போன்ற திட்டங்களுக்கே விதித்தது. கூட்டாட்சி அரசின் உயர்கல்வி உதவியை அதே சட்டம் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியும் வைத்தது. கிரீன் கார்டு மூலம் நிரந்தர வசிப்புரிமை பெற்ற மாணவிக்குக் குடிமக்களின் பிள்ளைகளுக்குள்ள அதே தகுதி வந்த நாளிலிருந்தே உண்டு. (எச்-1பி பணியாளரின் குடும்பத்தினருக்குத் தரும் எச்-4 விசாவில் இருப்போருக்கு இது பொருந்தாது, அவர்களுக்குக் கூட்டாட்சி உதவி கிடையாது.) உங்களைப் பொருளாதார ரீதியாகத் தாங்குவதாக உங்கள் அண்ணன் கையெழுத்திட்ட ஆதரவு உறுதிமொழியை நினைத்தும் தயங்க வேண்டாம். அரசு அவரிடமிருந்து திரும்பக் கேட்கக்கூடிய உதவிகளின் பட்டியலில், வருமானம் குறைந்த மாணவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் பெல் மானியமோ கல்விக்கடனோ இல்லை என்பது அந்த உறுதிமொழிப் படிவத்தின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது.

உங்களுக்கு உண்மையான இடையூறு வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டாட்சி அரசு உங்கள் குடியேற்ற நிலையை மட்டுமே பார்க்கிறது. எத்தனை மாதங்களாக இங்கே வசிக்கிறீர்கள் என்பதை மாநிலம்தான் பார்க்கிறது. புதிதாக வந்தவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பிக்கொள்கிறார்கள். மாநிலத்தின் நிபந்தனையைப் பிறகு விளக்குகிறேன்.

கூட்டாட்சி உதவிக்கான ஒரே வாசல் ஃபாஃப்சா படிவம். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு நிரப்பித் தருவோரிடம் போக வேண்டியதில்லை. இதன் மூலம் கிடைக்கும் பெல் மானியத்தின் உச்சவரம்பு 2025-26 கல்வியாண்டில் 7,395 டாலர். பெற்றோரைச் சார்ந்துள்ள முதலாண்டு மாணவிக்கு அதற்கு மேல் 5,500 டாலர் வரை கூட்டாட்சிக் கடனும் உண்டு. மானியத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை, கடனைத் தர வேண்டும். கல்லூரி அனுப்பும் உதவிக் கடிதத்தில் இரண்டும் ஒரே பட்டியலில் கலந்து வருவதால் அதைக் கவனித்துப் படியுங்கள்.

படிவத்தில் நம்மவர்கள் முதலில் தடுமாறுவது பெயரில்தான். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும், திருமணத்திற்குப் பின் சிலருக்கு அது கணவரின் பெயராக மாறியிருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் அந்த இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். படிவத்திற்கு முன்பாக மாணவியும் பெற்றோரும் தனித்தனியே கணக்குத் தொடங்க வேண்டும். அதில் தரும் பெயரையும் பிறந்த தேதியையும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தின் பதிவோடு ஒப்பிடுவார்கள். ஆகவே பள்ளியில் வழங்கும் பெயரையோ வீட்டில் அழைக்கும் பெயரையோ தராமல், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ள எழுத்துகளை அப்படியே தாருங்கள். அட்டையிலும் கிரீன் கார்டிலும் பெயர் வேறுபட்டிருந்தால், முதலில் அந்த அலுவலகத்திற்குச் சென்று சரிசெய்துகொள்வது நல்லது. அதற்கும் கட்டணம் இல்லை. தாய், தந்தை, மகள் மூவரின் கடைசிப் பெயரும் வெவ்வேறாக இருப்பது ஒரு குறையே அல்ல.

கிரீன் கார்டு இன்னும் தபாலில் வரவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட குடியேற்ற விசாவில் நுழைவு முத்திரை விழுந்த நாளிலிருந்து ஓராண்டு வரை அதுவே நிரந்தர வசிப்புரிமைக்கான சான்று. அதிலுள்ள ஏ எண்ணை (குடியேறியவரின் பதிவெண்) படிவத்தில் குறிப்பிடுங்கள். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பதிவோடு அது உடனே ஒத்துப்போகாவிட்டால், கல்லூரி உங்களிடம் நகல் கேட்டு மீண்டும் சரிபார்க்கும்.

அடுத்தது வருமானம். 2026-27 கல்வியாண்டுக்கான படிவம் 2024ஆம் ஆண்டின் வருமானத்தைக் கேட்கிறது. அந்த ஆண்டில் நீங்கள் இந்தியாவில் இருந்தீர்கள். அமெரிக்க வரித்துறையிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள எதுவும் இருக்காது என்பதால், கையால் நிரப்ப வேண்டும். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் எந்த ஆண்டின் கணக்கைத் தருவது என்ற ஐயம் எழும். 2024ஆம் ஆண்டின் மாதங்கள் எந்த நிதியாண்டில் அதிகமோ அதையே தர வேண்டும் என்பது விதி. ஆகவே 9 மாதங்களை உள்ளடக்கிய 2024-25 நிதியாண்டின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வருமான வரிப் படிவத்தில் மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று அச்சாகியிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். தொகையை டாலராக மாற்றி எழுதுங்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் ஊரில் மதிப்பான வருமானம். இங்கே அது ஏறத்தாழ 11,000 டாலர்தான். குறைந்த தொகையாகத் தெரிகிறதே, நம்பமாட்டார்களோ என்று எண்ணி அதை உயர்த்தி எழுத நினைத்தவர்களை எனக்குத் தெரியும். உள்ளதை உள்ளபடி எழுதி, படிவம் 16ஐயும் வங்கிக் கணக்கு அறிக்கைகளையும் எடுத்து வைத்துக்கொண்டாலே போதும்.

வளைகுடா நாட்டில் பணியாற்றிவிட்டு வந்த குடும்பங்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே வருமான வரி இல்லை என்றாலும் சம்பளம் கணக்கில் சேரும். இங்கே வந்தபின் வருமானம் பாதியாகக் குறைந்திருந்தாலும் படிவம் அதை அறியாது. அத்தகையோர் படிவத்தை உள்ளபடி அனுப்பிவிட்டு, கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திற்குச் சிறப்புச் சூழ்நிலையை விளக்கி, தற்போதைய சம்பளச் சீட்டுகளுடன் கடிதம் தர வேண்டும். தொகையைத் திருத்தும் அதிகாரம் அந்த அலுவலருக்குச் சட்டப்படி உண்டு.

இந்தியாவில் கணவனும் மனைவியும் கூட்டாக வரி தாக்கல் செய்யும் முறை இல்லை. எனவே இங்கே கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியரைப் போல ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. வருமானமே இல்லாத தாயும் தனிக் கணக்குத் தொடங்கி, வரித் தகவல் பெறுவதற்கான ஒப்புதலை அளிக்க வேண்டும். அந்த ஒப்புதல் ஒன்று விடுபட்டாலும் கூட்டாட்சி உதவி முழுவதும் நின்றுவிடும். சொத்து பற்றிய பகுதியில், நீங்கள் வசிக்கும் வீடு கணக்கில் வராது. ஆனால் ஊரில் வாடகைக்கு விட்டு வந்த வீடு, மனை, அங்குள்ள வங்கி வைப்புத்தொகை ஆகியவை கணக்கில் வரும்.

இனி மாநிலம். நியூஜெர்சி சட்டப்படி, சேர்வதற்கு முன் 12 மாதங்கள் இங்கே வசித்தவர் மாநிலவாசி என்று கொள்ளப்படுவார். அதற்குக் குறைவானவர் அப்படியல்லர் என்று முதலில் கொள்ளப்பட்டு, மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர்மேல் விழும். 2026 செப்டம்பரில் உங்களுக்குப் பதினொரு மாதங்களே ஆகியிருக்கும். ரட்கர்ஸ் போன்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலக் கல்விக் கட்டணம் உள்மாநிலக் கட்டணத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். பெல் மானியம் முழுவதுமாகக் கிடைத்தாலும் அந்த இடைவெளியை அடைக்காது. டியூஷன் எய்டு கிராண்ட் என்ற மாநிலக் கல்விக் கட்டண மானியத்துக்கும் 12 மாத நிபந்தனை உண்டு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் மகளை முதலில் இரண்டாண்டுப் படிப்புள்ள மாவட்டக் கல்லூரியில், எடிசன் பகுதியில் இருப்போர் என்றால் மிடில்செக்ஸ் கல்லூரியில், சேர்ப்பேன். அங்கே கட்டணம் மிகக் குறைவு, பெல் மானியம் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும், மேலும் அங்கே பெறும் ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். என்ற இரண்டாண்டுப் பட்டத்தின் மதிப்பெண் அலகுகளை மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ள 2008 முதல் ஓர் உடன்பாடு நடைமுறையில் இருக்கிறது. சமூகத்தில் இதைத் தாழ்வாகப் பேசுவோர் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் கட்டணத்தைக் கட்டப் போவதில்லை.

எந்தக் கல்லூரியானாலும், வந்த மாதத்திலிருந்தான வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், மின்கட்டண ரசீதுகள், நியூஜெர்சி மாநில வரித் தாக்கல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் சேர்த்து வையுங்கள். அக்டோபரில் 12 மாதங்கள் நிறைவடைந்தவுடன் கல்லூரி தானாகவே கட்டணத்தை மாற்றிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். வசிப்பிட நிலையை மாற்றக் கோரும் மனுவை, ஜனவரிப் பருவத்திற்கான கெடு முடிவதற்குள், இந்தச் சான்றுகளுடன் நீங்களே கொடுக்க வேண்டும்.